குளம் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்தில். எங்கள் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் எல்லாமே குளம்தான். பிழைப்புக்குச் சென்னை வந்து, எழுத்துத் திருத்தும் வேலையில் சேர்ந்த பிறகுதான் அதே பொருளுக்கு ஏரி, தாங்கல், கண்மாய், ஏந்தல் என்று ஊருக்கொரு பெயர் இருப்பது புரிந்தது. இந்த ஒரு சொல்லை வைத்து என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

குளம் என்றால் சிறிய நீர்நிலை என்று சொல்லிவிடலாமா?

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். ஏரி பெரியது, குளம் அதைவிடச் சின்னது, குட்டை அதிலும் சின்னது. இந்த வரிசை பாதி ஊர்களுக்குப் பொருந்தாது. கோவை உக்கடத்துப் பெரியகுளம் 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. இலங்கையில் மன்னார்ப் பக்கம் உள்ள கட்டுக்கரைக்குளத்தின் கரை பல கிலோமீட்டர் நீளும். காஞ்சிபுரத்துப் பக்கம் இவற்றில் பத்தில் ஒரு பங்கு இல்லாததையும் ஏரி என்றுதான் சொல்கிறார்கள்.

அளவை விட்டுவிட்டு அமைப்பைப் பார்த்தால் பதில் எளிது. மழைநீரோ ஆற்றுநீரோ வந்து நிற்பதற்காக மனிதர்கள் கரை போட்டோ பள்ளம் தோண்டியோ அமைத்தது குளம். அதாவது கரைதான் முக்கியம். திருக்குறளிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சுற்றத்தாரோடு கலந்து பழகாதவன் வாழ்க்கை எப்படிப்பட்டது என்றால், "குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று" என்கிறது 523ஆம் குறள். கோடு என்பது கரை. குளப்பரப்பு கரையில்லாமல் நிறைந்தது போல, என்று பொருள். கரையில்லாமல் நிறைந்தால் என்ன ஆகும்? தண்ணீர் வரும், நிற்காது.

அப்படியானால் ஏரி, குளம், கண்மாய் மூன்றும் ஒன்றுதானா?

பாசனத்துக்கு உள்ளதைச் சொல்கிறோம் என்றால், ஆமாம். ஆளைப் பொறுத்து அல்ல, வட்டாரத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

வடக்கே செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர் பக்கம் அது ஏரி. செம்பரம்பாக்கம் ஏரி, மதுராந்தகம் ஏரி. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் பக்கம் கண்மாய். வாய்ப்பேச்சில் கம்மாய். தெற்கே திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரியில் குளம். மேற்கே கோவையில் நொய்யல் தண்ணீரை வாங்கும் நீர்நிலைகளும் குளங்களே: வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம்.

என் மாமியார் ஊர் சிவகங்கைப் பக்கம். கல்யாணமான புதிதில் ஒருநாள் "குளத்துக்குப் போய்க் குளிச்சிட்டு வாரேன்" என்றேன். "குளம் கோயில்லல்லா இருக்கு, அதுல யாரும் குளிக்க மாட்டாக. கம்மாய்க்குப் போங்க" என்றார்கள். நான் சொன்னதும் அவர்கள் சொன்னதும் ஒரே தண்ணீர்தான். ஆனால் அவர்களுக்குக் குளம் என்றால் நாலு பக்கமும் படிக்கட்டு வைத்த கோயில் குளம்.

தஞ்சாவூர்க்காரரிடம் கேட்டால் இன்னொரு விதம். அங்கே வயலுக்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக வந்துவிடுகிறது. அதனால் அவர்களுடைய குளம் குளிக்கவும், துணி துவைக்கவும், மாடு கழுவவும், கோடையில் மீன் பிடிக்கவும் உள்ளது. வயலோடு அதற்குப் பெரிய உறவில்லை. டெல்டாவில் வளர்ந்த நண்பர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தபோது, "இந்தக் குளத்தை நம்பி இத்தனை ஏக்கரா?" என்று வாயைப் பிளந்தார். ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகாலும் தென்காலும் மட்டும் 53 குளங்களுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன என்றதும் அவருடைய சந்தேகம் தீர்ந்தது.

இந்தப் பிரிவு எப்போதும் இப்படியே இருந்ததில்லை என்பதற்கு மதுரையே உதாரணம். நகரத்தின் தென்மேற்கில் மாடக்குளம் இருக்கிறது. பாண்டியர் காலக் கல்வெட்டுகள் மதுரையை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று குறிக்கின்றன. மாடக்குளத்துக்குக் கீழே அதன் நீரைக் குடித்து வாழும் மதுரை! இன்றைக்கு அதே நீர்நிலைக்கு வழங்கும் பெயர் என்ன தெரியுமா? மாடக்குளம் கண்மாய். பழைய பெயரில் குளம் ஒட்டிக்கொண்டிருக்க, புதுப் பேச்சு அதன்மேல் கண்மாயை வைத்துவிட்டது.

குட்டை, ஊருணி, தாங்கல், ஏந்தல்... இவையெல்லாம்?

குட்டை சின்னது, ஆழம் குறைந்தது. மழை பெய்தால் நிறையும், மாடு குடிக்கும், மாசி பங்குனியில் வெடித்துக் கிடக்கும். பெரும்பாலும் மதகு கிடையாது. 'குளம் குட்டை' என்று சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். 'ஏரி குளம் குட்டையெல்லாம் ரொம்பிப் போச்சு' என்றால் எல்லா அளவும் அதில் அடங்கிவிடும்.

ஊருணி குடிநீருக்கு. ஊர் உண்ணும் நீர் என்று பெயரிலேயே இருக்கிறது. சிவகங்கை, இராமநாதபுரம், செட்டிநாடு பக்கம் ஊரணி என்பார்கள். அதில் இறங்கிக் குளிக்கக் கூடாது, மாட்டை விடக் கூடாது. பேரறிவாளன் கையில் உள்ள செல்வத்துக்குத் திருக்குறள் இதைத்தான் உவமை சொல்கிறது. "ஊருணி நீர்நிறைந் தற்றே" என்ற வரியில் ஊருணியை எடுத்துவிட்டுக் குளத்தை வைத்தால் சுவை போய்விடும். குளத்து நீருக்கு ஆயக்கட்டுக்காரர்களின், அதாவது அந்தக் குளத்தை நம்பி நிலம் வைத்திருப்பவர்களின் உரிமை, முறை, சண்டை எல்லாம் உண்டு. ஊருணி குடத்தோடு வரும் எல்லோருக்கும்.

தாங்கலும் ஏந்தலும் சிறிய ஏரிகள். தண்ணீரைத் தாங்குவது தாங்கல், ஏந்துவது ஏந்தல். சென்னைக்காரர்கள் பழவந்தாங்கலிலும் அய்யப்பன்தாங்கலிலும் இறங்கி ஏறுகிறார்கள், பறவை பார்க்க வேடந்தாங்கலுக்குப் போகிறார்கள். பெயருக்குள் ஏரி இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

பொய்கை, சுனை, வாவி, தடாகம், மடு?

பொய்கை இயற்கையாக அமைந்தது, பூ மணக்கும் செய்யுள் சொல். சுனை மலைப்பாறையில் ஊறுவது. மடு ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான பள்ளம். தடாகம் வடசொல், மேடைக்கும் பாட்டுக்கும் சரி. வாவி இலக்கியச் சொல்தான், ஆனால் மட்டக்களப்பில் அன்றாடச் சொல்லாக உயிரோடு இருக்கிறது. அங்கே கடலோடு சேரும் காயலுக்கு வாவி என்று பெயர்.

இலங்கைத் தமிழில் குளம் என்றால் என்ன?

வன்னியில் குளம் இல்லாமல் ஊர் இல்லை. வவுனியா நகரைச் சுற்றி ஒரு பேருந்தில் போனாலே போதும்: தாண்டிக்குளம், வைரவபுளியங்குளம், இறம்பைக்குளம், பண்டாரிகுளம் என்று நடத்துநர் குளம் குளமாகக் கூவுவார். வடக்கே நகர்ந்தால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். முதலில் குளத்தைக் கட்டினார்கள், அதன் கீழ் வயல் வந்தது, வயலுக்குப் பக்கத்தில் குடி வந்தது, குடிக்குக் குளத்தின் பெயரே வந்தது. வரிசை அதுதான்.

கிளிநொச்சி இரணைமடுவின் பெயரில் மடு இருக்கிறது. ஆனாலும் மக்கள் அதை இரணைமடுக்குளம் என்றே சொல்கிறார்கள். நம் மாடக்குளம் கண்மாய் மாதிரியே பழைய பெயரின் மேல் இன்றைய சொல். சிங்களத்தில் இவற்றுக்கு 'வெவ' என்று பெயர். கட்டுக்கரைக்குளமே சிங்களத்தில் யோதவெவ.

யாழ்ப்பாணத்தில் ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டியது. கோயிலில் படி கட்டிய தீர்த்தத்தை அங்கே கேணி என்பார்கள். கீரிமலைக் கேணி எல்லோருக்கும் தெரிந்தது. தமிழ்நாட்டில் கேணி என்றால் பெரும்பாலும் கிணறு. திருவல்லிக்கேணியின் பெயர் மட்டும் அல்லி பூத்த குளத்தை நினைவுபடுத்திக்கொண்டு நிற்கிறது. யாழ்ப்பாணக் கதையைத் திருத்தும்போது 'கேணியில் இறங்கினாள்' என்று வந்தால் 'கிணற்றில்' என்று மாற்றிவிடாதீர்கள். நான் ஒருமுறை மாற்றினேன். தீர்த்தமாடப் போனவளைக் கிணற்றில் தள்ளிவிட்டீர்களே என்று எழுத்தாளர் தொலைபேசியில் சிரித்தார்.

சொல் எங்கிருந்து வந்தது? குளிப்பதால் குளமா?

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. கேட்கவும் நன்றாக இருக்கிறது. குளி என்பதற்கு உடம்பு கழுவுதல் என்ற பொருள் மட்டும் அல்ல, நீரில் மூழ்குதல் என்பதும் உண்டு. முத்துக்குளித்தல் என்பதில் யாரும் சோப்புப் போடுவதில்லையே. ஆகவே மூழ்கும் அளவுக்கு நீர் உள்ள இடம் குளம் என்று சொல்லலாம். நீரைக் கொள்வது என்பதால் கொள் என்ற வேரைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு பக்கம் சாய விருப்பமில்லை. இது திராவிட மொழிகளின் பொதுச் சொத்து என்பது மட்டும் உறுதி. மலையாளத்தில் குளம், கன்னடத்தில் கொள, தெலுங்கில் கொலனு. எர்ணாகுளம், காயங்குளம் என்று கேரளத்து ரயில் நிலையங்களே சொல்லும். மலையாளியின் குளம் ஏறக்குறைய நம் தஞ்சாவூர்க் குளம் மாதிரி. வீட்டுக்கோ அம்பலத்துக்கோ பக்கத்தில், குளிப்பதற்கு.

பழைய இலக்கியத்தில் எப்படி வருகிறது?

நிறைய வருகிறது. எனக்குப் பிடித்த மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

பட்டினப்பாலையில் கரிகாலனைப் பற்றி, "காடு கொன்று நாடாக்கி, குளம் தொட்டு வளம் பெருக்கி" என்று வருகிறது. தொடுதல் என்றால் தோண்டுதல். "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்பதிலும் அதே தொடுதான். இன்று நாம் 'குளம் வெட்டினான்' என்கிறோம். ஏரியைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, கட்டுகிறோம்.

இரண்டாவது சிறுபஞ்சமூலம். சொர்க்கத்துக்குப் போகிறவன் செய்ய வேண்டிய ஐந்தை ஒரு வெண்பாவில் அடுக்குகிறது. "குளந்தொட்டுக் கோடு பதித்து" என்று தொடங்குகிறது பாட்டு. குளம்தான் முதலில்.

மூன்றாவது புறநானூறு 118. பாரி இறந்த பிறகு பறம்பு நாட்டை நினைத்துக் கபிலர் பாடியது. பாறையும் குன்றும் சேர்ந்த இடத்தில் "எண்நாள் திங்கள் அனைய கொடுங்கரை", அதாவது எட்டாம் பிறை போல் வளைந்த கரை உள்ள சிறுகுளம் உடைகிறது என்கிறார். பாரி போனான், கரையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எட்டாம் நாள் நிலா பாதி வட்டம். எங்கள் ஊர்க் குளத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தபோது எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வந்தது. சரிவு வரும் பக்கம் திறந்து கிடக்க, பள்ளத்துப் பக்கம் மட்டும் வில்லாக வளைந்த கரை. மானாவாரிக் குளங்கள் இன்றும் அந்த உருவத்தில்தான் இருக்கின்றன.

குளத்தின் உறுப்புகளுக்கு என்னென்ன பெயர்?

இதைக் கேட்டால் நான் கொஞ்சம் நீட்டிவிடுவேன்.

தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் வரத்துக்கால். தண்ணீர் நிற்கும் உள்பரப்புக்கு ஆவணங்களில் உள்வாய் என்று பெயர். வயலுக்கு நீர் விடும் இடம் மடை அல்லது மதகு. மடையிலிருந்து முதலில் பாயும் வயல் தலைமடை, கடைசியில் பாய்வது கடைமடை. நாளிதழில் 'கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை' என்று ஆண்டுதோறும் படிக்கிறோமே, அது. குளத்தை நம்பிய நிலம் முழுவதும் ஆயக்கட்டு. தண்ணீரை முறை வைத்துத் திறந்து பாய்ச்சும் ஆளுக்கு நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன் என்று ஊருக்கு ஒரு பெயர். திட்டும் 'மடையன்' இவரிடமிருந்து வந்தது என்று ஒரு கதை சமூக ஊடகத்தில் சுற்றுகிறது. மடம், மடமை என்ற சொற்கள் அறியாமையைக் குறித்து நேராகவே இருக்கும்போது, உயிரைப் பணயம் வைத்து மடை திறந்தவரை எதற்கு இழுக்க வேண்டும்?

உயிரைப் பணயம் வைப்பது மிகையல்ல. பழைய குளங்களில் குமிழித் தூம்பு இருக்கும். கரையிலிருந்து சற்று உள்ளே, தண்ணீருக்கு நடுவில் இரண்டு கல்தூண்கள் நிற்குமே, அதுதான். அடியில் கல்தொட்டி, அதில் துளை, துளையில் அடைப்பு. ஆள் நீந்திப் போய், மூச்சடக்கி மூழ்கி, அடைப்பைத் தூக்க வேண்டும். நீர் போகும் துளை நீரோடி, கீழே சேற்றை இழுத்துப் போகும் துளை சேறோடி. தண்ணீர் வெளியேறும்போதே வண்டலும் கொஞ்சம் வெளியேறிவிடும்.

நிறைந்து மிஞ்சிய நீர் வழியும் இடத்துக்கு வடக்கே கலங்கல், கலிங்கு. எங்களுக்கு மறுகால். மறுகால்குறிச்சி, மறுகால்தலை என்று ஊர்களே உண்டு. குளம் நிறைவதை 'குளம் பெருகிட்டு' என்போம். வெள்ளம் வந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், நல்ல செய்திதான். சின்ன வயதில் ஐப்பசி கார்த்திகை ராத்திரிகளில் படுத்துக்கொண்டே காது கொடுப்போம். மழை விட்ட பிறகும் தூரத்தில் ஒரே சீராக ஓர் இரைச்சல் கேட்டால், தாத்தா பாயில் புரண்டு படுத்தபடி "மறுகால் விழுது" என்பார். காலையில் போய்ப் பார்த்தால் கல்வரிசையின் மேல் தண்ணீர் கண்ணாடித் தகடுபோல வழிந்து, கீழே நுரைத்துக்கொண்டிருக்கும். எதிரேறி வரும் கெண்டைகளைப் பிடிக்க ஒரு கூட்டம் வேட்டியை விரித்துக்கொண்டு நிற்கும்.

சித்திரை வைகாசியில் அடித்தரை வெடித்துவிடும். அந்த வெடிப்புத் துண்டுகள்தான் கரம்பை. வண்டியில் அள்ளி வந்து வயலில் போடுவார்கள். வயலுக்கு உரம், குளத்துக்குத் தூர்வாரல். ஊரே கூடி இப்படிப் பராமரித்த பழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அதே பெயரில் தமிழ்நாடு அரசு 2017இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் கரம்பைக்கு வண்டி கட்டிப் போன குடும்பங்கள் இப்போது யூரியா மூட்டைக்குக் கடையில் நிற்கின்றன.

தெப்பக்குளம் எல்லாக் கோயில் குளத்துக்கும் பொதுப் பெயரா?

தெப்பத் திருவிழா நடக்கும் குளம்தான் தெப்பக்குளம். பேச்சில் எல்லாவற்றுக்கும் நீண்டுவிட்டது. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் வெட்டியது. தைப்பூசத்தன்று தெப்பம் ஓடும். அதே மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் இருப்பது பொற்றாமரைக்குளம். அதைத் தெப்பக்குளம் என்றால் மதுரைக்காரர் முகம் சுளிப்பார். திருவாரூர்க் கமலாலயத்தைப் பற்றி 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி' என்பார்கள். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 'சிறிய நீர்நிலை' என்ற விளக்கம் இங்கேயும் அடிபட்டுப் போகிறது. கும்பகோணத்து மகாமகக் குளம் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் 12 ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2016இல், நாடே அதில் வந்து இறங்கியது.

குளக்கரையா, குளத்தங்கரையா? பெரியகுளமா, பெரியக்குளமா?

குளம், கரை சேரும்போது மகரம் கெட்டுக் குளக்கரை. எழுத்தில் இது போதும். குளத்தங்கரை பேச்சில் பிறந்தது, கதையில் தாராளமாக எழுதலாம். வேற்றுமை சேர்ந்தால் அத்துச் சாரியை வரும்: குளத்தை, குளத்தில், குளத்துக்கு. 'குளம்மீன்' அல்ல, குளத்து மீன்.

பெரியகுளம் சரி. பெரிய என்பதற்குப் பின் க் மிகாது. தெப்பம், குளம் சேர்ந்தால் தெப்பக்குளம். தாமரைக்குளம், வவுனிக்குளம் எல்லாம் க் மிகும். மரப்பெயர் முன்னால் வந்தால் மெல்லினம் வந்துவிடும்: ஆலங்குளம், புளியங்குளம், மாங்குளம். விதி எல்லா ஊர்ப்பெயருக்கும் ஒழுங்காகப் பொருந்தாது. விளாத்திகுளத்துக்காரர் க் போடாமல் எழுதினால் அவர் ஊர், அவர் இஷ்டம். பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதுங்கள்.

பேச்சில் கு கொ ஆகிவிடும். குடம் கொடம், உலகம் ஒலகம் மாதிரி குளம் கொளம். சென்னைக் கொளத்தூர் இந்தப் பேச்சு வடிவத்தையே அதிகாரபூர்வப் பெயராக வைத்துக்கொண்டது. தூத்துக்குடி மாவட்டத்துக் குளத்தூர் எழுத்து வடிவத்தில் நிற்கிறது. சென்னையைக் குளத்தூர் என்று திருத்த வேண்டாம், தபால் போகாது.

சாத்தான்குளம் என்று ஏன் பெயர்? பேய் பிசாசு சம்பந்தமா?

இல்லை. சாத்தன் பழைய தமிழ்ப் பெயர், ஐயனாருக்கும் அந்தப் பெயர் உண்டு. குளக்கரையில் ஐயனார் கோயில் இல்லாத தென்மாவட்டக் கிராமம் அபூர்வம். பைபிள் சாத்தான் இங்கே வருவதற்கு முன்பே இந்தச் சாத்தன் கரையில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலேயே பேய்க்குளம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

பெயரில் குளம் இருக்கிறது, ஊரில் குளத்தைக் காணோம். ஏன்?

பெயரை யாரும் மண் போட்டு மூட முடியாது, அதனால். திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடம் வேய்ந்தான்குளம். சென்னையில் வள்ளுவர் கோட்டம் 1976இல் திறக்கப்பட்டது, அது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். அருகில் டேங்க் பண்ட் ரோடு இன்னும் இருக்கிறது, அதாவது ஏரிக்கரைச் சாலை. தியாகராய நகர் 1920களில் உருவானதே மாம்பலத்து நீண்ட ஏரியை வடித்துத்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு. வியூவுக்கு எதிரே இப்போது அடுக்குமாடி.

குளமும் பெயரும் சேர்ந்தே பிழைத்த இடங்களும் இருக்கின்றன. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம், இராமநாதபுரத்துக் கஞ்சிரங்குளம், திருப்பூர் நஞ்சராயன் குளம் மூன்றும் இப்போது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ளன. கூந்தன்குளத்தில் வீட்டு வேம்பிலும் கருவையிலும் பறவைகள் கூடு கட்டும். எச்சம் தலையில் விழுந்தாலும் ஊர்க்காரர்கள் விரட்ட மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது டேங்க்கா, பாண்டா, லேக்கா?

வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களில் பாசன ஏரி, குளம், கண்மாய் எல்லாம் டேங்க். நீர்வளத்துறையில் இன்றும் அதுதான். ஆனால் இன்றைய வாசகருக்கு டேங்க் என்றால் மொட்டைமாடியில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. 'ஊர் டேங்க் நிரம்பி வழிந்து பயிர் மூழ்கியது' என்று ஒரு மொழிபெயர்ப்பு என் மேசைக்கு வந்தது. எவ்வளவு பெரிய தொட்டி என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டேன்.

இது வெறும் அகராதிச் சிக்கல் அல்ல. நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. மொத்தம் 24 லட்சத்துக்கும் அதிகமான நீர்நிலைகள். அதில் பாண்ட் அதிகம் உள்ள மாநிலம் மேற்கு வங்கம், டேங்க் அதிகம் ஆந்திரம், லேக் அதிகம் தமிழ்நாடு. ஆற்றங்கரை நாகரிகத்தில் வளர்ந்த நாம் ஏரிகளின் மாநிலமானது எப்படி? ஏரி என்ற சொல்லை லேக் என்று மாற்றிப் பழகியதற்கும் அதில் பங்கிருக்கும் என்பது என் ஊகம். அதே கரை, அதே மதகு ஆந்திரத்தில் இருந்தால் டேங்க் கணக்கில் ஏறியிருக்கும்.

மனை வாங்கப் போகிறேன். ஆவணத்தில் குளம் என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஊர்ப்பெயரிலோ தெருப்பெயரிலோ இருந்தால் கவலையில்லை. எல்லை சொல்லும் இடத்தில், 'குளக்கரைக்கு மேற்கு' என்று இருந்தால் நேரில் போய் அளந்து பார்க்க வேண்டும். நிலத்தின் வகைப்பாட்டிலேயே குளம், குட்டை, ஊரணி, ஏரி உள்வாய், நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பாசன ஏரி குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்றவே 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நிலத்தின் வகைப்பாடு எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள், பட்டா மட்டும் போதாது.

நண்பர் ஒருவருக்குத் தரகர் ஒருவர் புறநகரில் மனை காட்டினார். நல்ல சமதரை, கல் முள் இல்லை. அந்தச் சமதரையே எனக்கு உறுத்தியது. காலால் கொஞ்சம் கிளறினால் மேலே சிவப்புக் கிராவல், நாலு விரற்கடைக்குக் கீழே கறுப்பு வண்டல், அதில் நத்தை ஓடுகள். நண்பரிடம் ஓர் ஓட்டை எடுத்துக் கொடுத்தேன். வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குளம் வரும் பழமொழி, வழக்குகள்?

அழுகை வந்தால் கண்கள் குளமாகும். மழை பெய்தால் ரோடு குளமாகும். வீண் கோபக்காரனை 'குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனான்' என்பார்கள். இது மரியாதையான வடிவம், மற்றது உங்களுக்கே தெரியும். மூதுரையில் ஔவை சொன்னது எல்லாவற்றையும்விட அழகு. நீர் வற்றியதும் பறந்துவிடும் பறவைகள் உறவல்ல, அதே குளத்தில் காய்ந்து கிடக்கும் கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போல ஒட்டிக் கிடப்பவர்களே உறவு என்கிறார். வற்றிய குளத்தின் நடுவில் போய்ப் பார்த்தவர்களுக்கு இது வெறும் உவமை அல்ல. ஆம்பல் கிழங்கு சேற்றுக்குள் சாகாமல் கிடக்கும், அடுத்த மழைக்கு இலை விடும்.

குளத்துக்கு வேறு பொருள் உண்டா?

உண்டு. பழைய நிகண்டுகளில் நெற்றி, வெல்லம் என்ற பொருள்களும் இருக்கின்றன. செய்யுள் உரை எழுதுபவர்களுக்கு உதவும், மற்றபடி புழக்கத்தில் இல்லை.

எங்கள் ஊர் நீர்நிலைக்கு எந்தப் பெயர் எழுதுவது? வரைபடத்தில் ஒன்று, ஊரில் ஒன்று சொல்கிறார்களே?

வருவாய்க் கணக்கில் வெறும் 'குளம்' என்றும் ஒரு புல எண்ணும் இருக்கும். கைப்பேசி வரைபடத்தில் யாரோ போட்ட 'லேக்' இருக்கும். இரண்டையும் நம்பி எழுத வேண்டாம். கரையில் ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். எங்கள் ஊரில் நான் அப்படிக் கேட்டபோது, பள்ளிக்கூடக் கட்டுரையில் 'எங்கள் ஊர்க் குளம்' என்று நான் எழுதித் தள்ளியதற்கு வெட்டுமடைக்குளம் என்று ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. நான் ஒன்றாக நினைத்திருந்ததில் கீழ்ப் பாதிக்கு வேறொரு பெயர். நடுவில் ஒரு தாழ்ந்த கரை இருக்கிறதாம், தண்ணீர் இருக்கும்போது தெரியாது, வற்றினால்தான் தெரியும் என்றார் அந்தப் பெரியவர். சித்திரையில் போய்ப் பார்த்தேன், கரை இருந்தது.